பதினாறு சதவீதம்

செப்டம்பர் கடைசி ஞாயிறு.
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு
அடுப்பின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத்
தரையில் மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்கு நிறைய
போன மார்ச் மாதத்துச் சாம்பல்.

மேலே இருக்க வேண்டிய தடுப்புத் தகடு
மேலே இல்லை.
சுமை கண்ட குதிரையின் முதுகாக நடுவில் தொய்ந்து
ஒரு பக்கத் தாங்கியை விட்டு நழுவி
புகை போகும் வழியில் பாதியை அடைத்துக்கொண்டு
தொங்குகிறது.
வார்ப்பிரும்பு வளையுமா?
பதினெட்டுக் குளிர்காலம் சிவக்கச் சிவக்கச் சுட்டால்
வளையும்.

போல்ட்டுகள் நான்கு.
எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்ததில்
மூன்று மனம் இளகின.
நான்காவது தலையை மட்டும் கொடுத்துவிட்டு
உடம்பைத் தர மறுத்தது.
துளைபோட்டு எடுத்தேன்.
ட்ரில் பிட் ஒன்று போயிற்று,
சேர்த்துவைத்திருந்த கெட்ட வார்த்தைகளும்.

இடது பக்கக் கல்லில் விரிசல்,
சுண்டுவிரல் நுழைகிற அளவு.
கதவைச் சுற்றிய கயிறு
காய்ந்த ரொட்டி ஓரமாக உதிர்ந்தது.
நூறு குரோனர் நோட்டை இடுக்கில் வைத்து
மூடி, இழுத்துப் பார்த்தேன்.
நல்ல அடுப்பு கருமி, விடாது.
இது விட்டது.
கீல் பக்கம், தாழ்ப்பாள் பக்கம், அடியில்,
எங்கே வைத்தாலும் விட்டது.
அத்தனை இடுக்கிலும் காற்று உள்ளே போய்
என் விறகை நள்ளிரவுக்கு முன்பே
தின்று தீர்த்திருக்கிறது.

இங்கேதான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

இரண்டு வருடம் முன்பு ஒட்வாரிடம் சொன்னேன்:
"உன் பிர்ச் விறகு ஈரம்.
கண்ணாடி கரியாகிறது, வீடெல்லாம் புகை,
ராத்திரி தாங்குவதில்லை."
முற்றத்தில் அவன் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னேன்.
தொப்பியைச் சரிசெய்தான்.
"அப்படியா" என்றான்.

அதற்கப்புறம் அவன் விறகு வரவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
டின்செட்டில் பெட்ரோல் பங்கிலிருந்து
மூட்டை மூட்டையாக வாங்கி எரித்தேன்,
கடல் தாண்டி வந்த விறகு.
அதுவும் புகைந்தது.
அப்போதாவது யோசித்திருக்கலாம்.
உலகத்தில் எவனுக்கும் விறகு காயவைக்கத் தெரியவில்லை
என்றுதான் யோசித்தேன்.

பார்சல் ஒன்பது நாள் கழித்து வந்தது.
கயிறு பத்து மில்லி, தவறு;
திருப்பி அனுப்பி, பன்னிரண்டு வந்தது.
கல்லை ரம்பத்தால் அறுத்து அளவாக்கினேன்.
பழைய பசையை உளியால் சுரண்டி
புதுக் கயிற்றை இழுக்காமல் பதித்து
கதவை மூடி ஒரு நாள் முழுக்கக் குளிரில் இருந்தேன்,
கம்பளி இரண்டு, காலுறை மூன்று.
நோட்டை வைத்து இழுத்தேன்.
அசையவில்லை.

முதல் தீ சின்னது. பெயின்ட் நாறியது.
பிறகு புகை, வழி தெரிந்த ஆளாக
நேராக மேலே போயிற்று.

வளைந்த தகட்டைச் சாக்கில் சுற்றி
காரில் போட்டு ஆற்றைக் கடந்தேன்.
ஒட்வார் விறகு பிளந்துகொண்டிருந்தான்.
வெட்டுக்கட்டையின் மேல் தகட்டை வைத்தேன்.
"விறகில்லை. இதுதான்."
வரும் வழியெல்லாம் தயார்செய்த பேச்சு
அவ்வளவுதான் வெளியே வந்தது.

புரட்டிப் பார்த்தான்.
வளைவின் மேல் கட்டைவிரலை ஓட்டினான்.
ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குள் போனான்.
நானும் போனேன்.
இரண்டு ஊசி நீட்டிய சின்னக் கருவி ஒன்று
ஆணியில் தொங்கியது.
"ஈரம் பார்ப்பது. நீ சொன்ன மறுநாள் வாங்கினேன்."
பக்கத்துப் பலகையில் பென்சிலால்
தேதி, எண், தேதி, எண்:
பதினாறு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினாறு.
இரண்டு வருடம்.
ஒரு அடுக்கைக்கூட விடவில்லை.

"சரியாகத்தானே இருந்திருக்கிறது" என்றேன்.
"ஆமாம்" என்றான்.
"ஆனாலும் அளந்தேன்."

வெளியே மலைமேல் முதல் பனி.
கோடரியை எடுத்தவன் மறுபடி கீழே வைத்தான்.
"கயிறு எத்தனை மில்லி?"
"பன்னிரண்டு."
"என் அடுப்பையும் பார்க்கணும், குன்வோர்."

காரில் மீதி ஒன்றரை மீட்டர் கிடந்தது.
அவன் கதவுக்குப் போதாது.
எடுத்துவரப் போனேன்.