மூணு மணி நேரம்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில்
டைப் அடிக்கிற டில்லிபாபு கேட்டார்:
"எந்நேரம் ஓட்டணும்?"

விடிகாலை மூணுலேர்ந்து ஆறு.
காசிமேட்டில் லோடு, கொருக்குப்பேட்டை கேட்,
திறந்தால் மூலக்கடை.
அதுக்குமேல ஒரு தெரு வேணாம்.

"ரத்தான காரணம்?"
குடிச்சிருந்தேன்.
'சிறிதளவு' சேர்த்தார்.
எடுக்கச் சொன்னேன்.
ஒயிட்னர் காயும்வரை
இருவரும் பேசவில்லை.

மூணாவது கவுன்ட்டர் அம்மா
தாளின் பின்பக்கமும் பார்த்துவிட்டு
"இப்படி ஒரு கட்டமே ஃபாரத்துல இல்லியே" என்றது.
ஆனாலும் சீல் குத்தி
வாங்கி வைத்துக்கொண்டது.

இப்போதைக்கு மச்சான் எத்திராஜ் ஓட்டுகிறான்.
கேட்டில் வண்டி
ஆஃப் ஆகி ஆஃப் ஆகிக் கிளம்புகிறது.
பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது.

பக்கத்து சீட்டில்
இல்லாத கிளட்சை
மிதித்துக்கொண்டே இருக்கிறது
என் இடது கால்.