அடி வாங்கும் படை

க்னியெவ்கோ தும்மினான்.
என் இடப்பக்கச் சேனை முழுக்கச் சாய்ந்தது.
ஒரு பகடைகூட உருளவில்லை அதற்குள்.
தும்மலுக்கு விதி கிடையாது என்றான்,
நிற்பவர்களை மட்டும் எண்ணுவோம் என்றான்,
மூக்கைத் துடைத்தபடி.

காகித ஈட்டிக்காரர்கள்.
முன்னும் பின்னும் அச்சிட்டு
உச்சந்தலையில் மடித்து ஒட்டியவர்கள்.
முகம் உண்டு, முதுகு உண்டு,
விலா கிடையாது.
பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு,
அதையும் கறுப்புப் பேனாவால் மூடிவிடுவேன்.
தோருன் நகரத்து ஜனவரியில்
சன்னலோரத்து வெந்நீர்க் குழாய் பெருமூச்சு விட்டாலே
குதிரைப்படை படுத்துக்கொள்ளும்.

அடி வேண்டும் இவர்களுக்கு.
அடி வாங்காமலே விழுகிற படை இது.

பியர்க் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையை
வட்டவட்டமாக வெட்டினேன்.
நடுவே பிளேடால் ஒரு கீறல்:
அகலமானால் ஆடுவான்,
குறுகினால் கணுக்கால் மடிவான்.
விஸ்வா ஆற்று மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்து
வாணலியில் வறுத்தபோது
யார் சாப்பிட, என்றாள் மல்வினா.
பசை தடவித் தூவினேன்.
சேற்றுக்குக் காப்பிச் சக்கை.
உதிர்ந்த இலைக்கு நேற்றைய தேயிலை.
போர்க்களம் காலையுணவைப்போல மணத்தது.

ஆனாலும் கனம் இல்லை.
வட்டமாக வெட்டினாலும் அட்டை அட்டைதான்.

இரும்புக் கடையில் வாஷர் கேட்டேன்,
ஒன்று முப்பது குரோஷ்.
மீதியை எண்ணும்போதுதான் உறைத்தது:
ஒரு குரோஷின் விலை
ஒரு குரோஷ்தான்.

மூலைக் கடை போக்னா
வருடக்கணக்காகச் சொல்லிவரும் வாசகம்,
"ஒரு குரோஷ் உங்களுக்குப் பாக்கி வைக்கட்டுமா?"
இந்த ஊரில் யாரும் கூடாது என்றதில்லை.
நானும் தலையசைத்து
ரொட்டியை அக்குளில் இடுக்கிப் போய்விடுவேன்.
அன்று நின்றேன்.
"கொடுத்துவிடுங்களேன்,
வீட்டில் ஒரு வில்லாளி படுத்துக்கிடக்கிறான்."

வரிசை அசையவில்லை.
பின்னால் கெஃபிர் புட்டி ஏந்திய பெண்மணி
அடடா, எந்த ஆஸ்பத்திரி, என்றார்.

சட்டைப்பையிலிருந்து இன்னொருவனை எடுத்து
சூயிங் கம் பெட்டிமேல் நிறுத்திக் காட்டினேன்.
கதவு திறந்தது. ஜனவரி உள்ளே வந்தது.
அவன் தராசுக்கு அடியில் போய் விழுந்தான்.
குனிந்து எடுத்தவள் போக்னாதான்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
முதுகிலும் பொத்தான் வரைந்திருக்கிறீர்களே, என்றாள்.

அடுத்த செவ்வாய், ஒரு கடுகுச் சாந்துப் புட்டி.
உள்ளே முந்நூற்று நாற்பது குரோஷ்.
வங்கியில் சண்டை போட்டு வாங்கினாளாம்.
மூன்று ஸ்லோட்டி நாற்பது,
எண்ணித்தான் வாங்கிக்கொண்டாள்.

சல்லிக்காசு பெறாத படை என்பான் க்னியெவ்கோ.
இப்போது ஆளுக்கொரு சல்லி.
கழுகு கீழ்நோக்கி,
எண் அட்டையோடு ஒட்டி,
மேலே மணல், அதன்மேல் செருப்பு,
செருப்புக்கு மேலே ஒரு மனிதனின் முன்பக்கம்.

வந்தவுடன் தும்மிப் பார்த்தான்,
வேண்டுமென்றே.
ஒரு ஈட்டிகூட நடுங்கவில்லை.
பிறகு பகடையை எடுத்தான்.
ஆறு. ஆறு. ஐந்து. ஆறு.

இதை நான் யோசிக்கவில்லை.
முன்பெல்லாம் ஊதினால் போதும், செத்துவிடுவார்கள்.
இப்போது விழமாட்டேன் என்கிறார்கள்.
ஒவ்வொருவனையும் தலையில் விரல் வைத்து
நானே சாய்க்க வேண்டியிருந்தது.
சாய்ந்தவன் காலடியில்
ஒரு மஞ்சள் கழுகு
விளக்கொளியில் என்னைப் பார்த்தது.
பதினேழு கழுகுகள் வரை எண்ணினேன்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன்.
நின்றார்களா, என்றாள் போக்னா.
நின்றார்கள், என்றேன்.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை அவள்.
கல்லாவின் மூலையில்
நகத்தால் கிளறித் தேடிக்கொண்டிருந்தாள்
எனக்குத் தர வேண்டிய ஒன்றை.