ரொபரோசியா, காலை ஆறு நாற்பது

"யப்பான் மாதிரி வரவேணும்"
என்றாள் பிள்ளையின் தாய்.
கட்டாரில் இருக்கிறவருக்கு அனுப்ப.

வசந்தம் இந்த ஊருக்கு வருவதில்லை.
மார்ச் வெயில் முதுகைப் பிளக்க,
சித்திரை மழை இன்னும் யோசித்துக்கொண்டிருக்க,
இடையில் ஒரு பத்துப் பதினைந்து நாள்
சுதந்திரச் சதுக்கத்து ரொபரோசியாக்கள்
இலையை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு
வெட்கமில்லாமல் ரோஸ் நிறத்தில் நிற்கும்.
எங்களிடம் உள்ளது அவ்வளவுதான்.

எண்பத்தைந்து லென்ஸைப் போட்டேன்.
துளையை முழுக்கத் திறந்தால்
பின்னால் போகும் பஸ் கரைந்து
ஒரு சிவப்புப் பூவாகிவிடும்,
காவலரண் பாசியாகும்.
இருபது வருடமாக என் தொழில்
கொழும்பை மங்கலாக்கிக் கூலி வாங்குவது.

யதுஷ்னாவுக்கு நாலு வயது.
வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று நேற்றே சொன்னேன்,
இந்தப் பூவுக்கு நடுவில் முகம் வெளிறிப்போகும்.
மஞ்சள் என்றேன், கத்தரிப்பூ நிறம் என்றேன்.
வெள்ளைதான் வந்தது.

முழங்காலில் இறங்கினேன். பிறகு வயிற்றில்.
மேலிருந்து எடுத்தால் பிள்ளைகள்
தரையில் யாரோ சிந்திய எதையோ போலத் தெரிவார்கள்.
அவள் கண்ணின் உயரத்தில்
பூ மரத்தில் இல்லை,
எல்லாமே நிலத்தில்.

"மேல பார் செல்லம், பூவைப் பார்."
பார்க்கவில்லை.
மூக்கைச் சுரண்டினாள். ஒரு சப்பாத்தைக் கழற்றினாள்.

அப்போதுதான் ஃபிரேமின் இடது ஓரத்தில்
ஈர்க்குமாறு வந்தது.
சர்க், சர்க்.
செம்மஞ்சள் மேலங்கி, மாநகரசபை.
"அக்கா, பத்து நிமிசம். பூ கிடக்கட்டும்."
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிள்
வரக்கூடிய திசையைப் பார்த்தார்.
"ஏழு மணிக்குள்ள ரோட்டு சுத்தமா இருக்கணும் தம்பி."
எனக்குப் பதில் இருக்கவில்லை.

அந்த இடைவெளியில் யதுஷ்னா ஓடிப்போய்
கூட்டிய குவியலின் நடுவில் சப்பென்று இருந்தாள்.
பூ, சருகு, ஒரு யோகட் கோப்பை, பஸ் டிக்கெட்.
வெள்ளைச் சட்டையின் கதை முடிந்தது.
தாய் "ஐயோ" என்றாள்.
ஈர்க்குமாறு நின்றது. அந்த அக்கா சிரித்தார்.
பிள்ளை முதல்முறையாக மேலே பார்த்தாள்.
பூவை அல்ல.

ஒரே ஒரு சொடுக்கு.

இப்போது வெள்ளவத்தை மூன்றாம் மாடியில்
வெட்டும் கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன்.
இடப்பக்கம் இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினால்
யப்பான்.
யோகட் கோப்பையை ஒரு நிமிடத்தில் அழிக்கலாம்.
தள்ளாவிட்டால்
ஈர்க்குமாற்றின் நுனி,
இறப்பர் செருப்புக்குள் ஒரு பாதம்,
பிள்ளையின் பார்வை போகிற வழி.

இரண்டையும் அனுப்பினேன்.
இரவு பதினொன்றுக்குத் தாயிடமிருந்து பதில்:
"அவர் கேக்கிறார்,
அந்த அக்காவின்ர முகம் ஏன் இல்லை எண்டு."

எண்பத்தைந்துக்குள் அகப்படவில்லை
என்று எழுதினேன். அழித்தேன்.

ஓரடி பின்னால் போக
இடம் இருந்தது.