பாக்கி ஒரு குடம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு
மொரப்பூருக்கு வடக்கே, ரயில் சத்தம் எட்டும் தூரத்தில்
தீர்த்தகிரியின் நிலத்தில் துளை போடுவேன்.
பதினைந்து சென்டிமீட்டர், முப்பது, அறுபது.
ஆழத்துக்கு ஒரு அலுமினிய டப்பா.
மூடி இறுக்கி, எண் எழுதி,
வெயில் ஏறுமுன் பஸ் பிடிக்க வேண்டும்.
வழியில் ஆவியானால் கணக்கு பொய்.

ஆய்வகத்தில் நிறுப்பேன்.
நூற்றைந்து டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க.
மறுநாள் மறுபடி நிறுப்பேன்.
குறைந்தது எவ்வளவோ
அதுதான் தண்ணீர்.
போனது எவ்வளவு என்று
போக்கிவிட்டுப் பார்க்கத்தான்
எனக்குத் தினக்கூலி.

பதினொரு வருடம்.
முதல் நோட்டில் பதினான்கு, பதின்மூன்று,
ஒரு ஐப்பசியில் பத்தொன்பதுகூட.
அந்தப் பக்கத்தில் என் கட்டைவிரல்
சேறாக ஒட்டியிருக்கிறது.
இப்போதைய நோட்டில் ஆறு, ஐந்தரை, ஆறு.
பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன.

மழையே இல்லை என்று சொல்ல வாய் வராது.
போன புரட்டாசியில் மூன்று நாள் கொட்டியது.
பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள்.
செயற்கைக்கோள் படத்தில் எங்கள் மாவட்டம் பச்சையாக இருந்தது;
சார் அதைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார்.
அதற்கு மேல்தோல்தான் தெரியும், நான்கைந்து சென்டிமீட்டர்.
அந்தச் செவ்வாய் நான் எடுத்த மண்
பதினைந்தில் விரலோடு குழைந்தது,
முப்பதில் லேசாக நிறம் கறுத்திருந்தது,
அறுபதில்
ஆறு.
வாசலில் விருந்தாளிகள் வந்து போனது தெரியாமல்
உள்ளறையில் சுவர் பார்த்துப் படுத்திருக்கும்
நோயாளி மாதிரி.

மூன்று போர் போட்டிருந்தார் தீர்த்தகிரி.
கடைசியது ஆயிரத்து நூற்று நாற்பது அடி.
கிளம்பியது கல்தூள்தான்.
பக்கத்துத் தக்காளிச் செடியெல்லாம்
திருநீறு பூசிக்கொண்டன.
மகன் ஓசூரில், பம்ப் செட் கம்பெனியில்.

ஒரு செவ்வாய், நான் துளை போடுமுன் கேட்டார்:
"வாராவாரம் கொண்டுபோற மண்ண
என்னம்மா பண்றீங்க?"
"பின்னாடி கொட்டிருவோம்ணா."
மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் பெருக்கினார்.
வாரம் முந்நூறு கிராம்.
பதினொரு வருடத்துக்கு
நூற்று எழுபத்தொன்று கிலோ சொச்சம்.
"நாளைக்கு சோலார்காரங்களுக்குக் கிரயம்மா.
இங்க இருக்கறதுதான் பத்திரத்துல வரும்.
அங்க இருக்கறது வராதில்ல?"

நான்கு சாக்கோடும், புளி நிறுக்கிற தொங்குதராசோடும்
ஆய்வகத்துக்குப் பின்னால் வந்து நின்றார்.
பாலக்கோட்டு மண்ணும் அரூர் மண்ணும்
கலந்து கிடந்தது குவியல்.
எது உங்களுடையது என்று நானும் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.
நோட்டுகளை வைத்து உலர் எடையைக் கூட்டினேன்:
நூற்றைம்பத்தாறு.
"பதினஞ்சு கொறையுதேம்மா."
"அது தண்ணிண்ணா."
"எங்க?"
அடுப்பைக் காட்டினேன்.
சின்ன பீரோ அளவு இருக்கும்.
கதவைத் திறந்து பார்த்தார்.
கையை உள்ளே விட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

பதினைந்து கிலோ, பதினைந்து லிட்டர்.
கலர் கலராக லாரிக்குக் காத்திருக்குமே,
அந்த பிளாஸ்டிக் குடத்தில் ஒன்று.
ஐந்நூற்றுச் சொச்சம் செவ்வாய்க்கிழமைகள்
அவர் நிலத்திலிருந்து நான் எடுத்து
காற்றில் விட்டது அவ்வளவு.

சாக்குகளைக் கட்டி, மினி வேனில் ஏற்றிவிட்டு,
"எழுதி வச்சுக்கங்க,
பாக்கி ஒரு குடம்" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, வெயில் கண்ணில்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்.
சார் கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

இப்போது காரிமங்கலம் பக்கம் புது நிலம் கொடுத்திருக்கிறார்கள்.
முதல் செவ்வாய், முதல் மூன்று டப்பா.
மறுநாள் அறுபதுக்குத் தராசு
ஏழு என்றது.
சந்தோஷப்பட்டுவிட்டேன்,
ஏழுக்கு.