உப்புத்தாள்

இன்னும் பதினோரு தவணை பாக்கி.
அதற்குள் துரு
தன் பங்கை எடுக்க வந்துவிட்டது.

எர்ணாவூரில் எதை மூடி வைக்க?
தார்ப்பாய் போட்டேன்,
தார்ப்பாய்க்குள்ளேயும் வியர்த்தது கடல்.
நம்பர் பிளேட்டில் எட்டு
மூன்றாகிவிட்டது.
ட்ராஃபிக் போலீஸ் இன்னும் கவனிக்கவில்லை.

புதுப்பேட்டை ஜமீல் பாய் சொன்னார்:
"டேங்கைக் கழட்டு. வினிகர் ஊத்து.
ரெண்டு பிடி நட்டு போட்டுக் குலுக்கு."

ஞாயிறு, மொட்டைமாடி.
டேங்கை மடியில் வைத்துக் குலுக்குகிறேன்.
கீழ்வீட்டு செலினா படியேறி வந்து கேட்கிறாள்,
"உண்டியலா அண்ணா? எவ்ளோ தேறும்?"

கவிழ்த்தால் டீ.
மறுபடி கவிழ்த்தால்
பால் கம்மியாய் இன்னொரு டீ.
மூன்றாவதில் தெளியும் என்றார் பாய்.
தெளியவில்லை.

சரி, மட்கார்டையாவது பார்ப்போம் என்று
உப்பு தின்ற இடத்தை
உப்புத்தாளால் தேய்த்தேன்.
தேய்த்துக்கொண்டே இருந்தேன்,
விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

கழற்றித் தூக்கிப் பிடித்தேன்.
எட்டணா அளவு ஓட்டை.
அதற்குள் சரியாகப் பொருந்தி
எண்ணூர் பக்கம் நங்கூரமிட்ட கப்பல்,
இடுப்புவரை சிவந்து.

அதற்கும் யாரோ
தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.