ஒன்பதாயிரத்து அறுநூறு

ஏரிக்கரையில் ஒரு இரும்புப் பெட்டி.
அதற்குள் இன்னொரு பெட்டி:
உள்ளங்கை அகலம், அலுமினிய மேனி.
மைனஸ் நாற்பதிலும் உயிரோடிருக்கும் என்று
தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
எனக்கு அப்படி எந்தத் தாளும் யாரும் தரவில்லை.
கையுறையைக் கழற்றினால்தான்
சிம் கார்டைப் பிடிக்க முடிகிறது.

பிடித்தும் விழுந்தது.
சரளைக்கும் பழைய பனிக்கும் நடுவே
நகத்தளவு வெள்ளை.
மம்பெத்குல் மண்டியிட்டுத் தேடினான்,
ஆட்டின் காதுமடலில் உண்ணி தேடும் பொறுமையோடு.
எடுத்து, ஊதி, நீட்டினான்.
"இதற்குள்ளா எங்கள் வெள்ளம் போகும்?"

போகும்.
ஏரி ஒரு முழம் ஏறினால் மானி அறியும்.
மானி சொல்ல மோடம் அறியும்.
மோடம் சொல்ல பிஷ்கெக்கில் ஒரு மேசை அறியும்.
மேசையில் அன்று ஆள் இருந்தால்
உன் ஊர் அறியும்.
கடைசி வரியை மட்டும் நான் சொல்லவில்லை.

பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
உலகத்தின் பாதிக் கதவுக்கு இதுதான் சாவி.
மாற்றினேன்:
என் முதல் குதிரையின் பெயர்,
அது என்னைக் கீழே தள்ளிய வருடம்.
இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது.

ஏபிஎன் கட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனது.
அந்தப் புள்ளிக்கு இருபது நிமிடம்.
முதல் விளக்கு பச்சை, மின்சாரம் உண்டு.
இரண்டாவதும் பச்சை, சிம் உண்டு.
மூன்றாவது மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது,
வாசல் வரை வந்து
உள்ளே வரலாமா என்று நிற்பவனைப் போல.

மைனஸ் நூற்றுப் பதினொன்று.
ஆன்டெனாவைக் கிழக்கே திருப்ப, நூற்றுப் பதின்மூன்று.
தெற்கே, ஒன்றுமே இல்லை.
மம்பெத்குல் சவுக்கால் சுட்டினான்.
இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு வெட்டு.
"ஓநாய்கள் அந்த வழியாகத்தான் வரும்."
திருப்பினேன்.
தொண்ணூற்று நான்கு.
மூன்றாவது விளக்கு நின்று எரிந்தது.

மானி பேசத் தொடங்கியது.
திரை முழுக்கக் கேள்விக்குறி, முள், பாதி எழுத்து.
மானி நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு என்ற நிதானத்தில் சொல்கிறது,
மோடமோ பன்னிரண்டு மடங்கு அவசரத்தில் கேட்கிறது.
ஊமையும் இல்லை, செவிடும் இல்லை.
என் கல்யாணம் ஞாபகம் வந்தது.
மோடத்தின் வேகத்தைக் குறைத்தேன்.
அது எளிது, ஒரு பட்டியலில் ஒரு வரி.
திரையில் தண்ணீர் வந்தது:
இரண்டு புள்ளி மூன்று ஏழு மீட்டர்.

எச்சரிக்கை போக ஐந்து எண்கள்.
அலுவலகத் தாளில் நான்கு இருந்தன,
நான்கும் நகரத்து எண்கள்.
ஐந்தாவதற்கு அவனைப் பார்த்தேன்.
"என்னுடையது வேண்டாம், இரவில் அணைத்துவிடுவேன்.
ஜிப்பாருடையதைப் போடு.
கைக்குழந்தைக்காரி. அவள் தூங்குவதே இல்லை."

சோதனைச் செய்தி அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?
கைபேசிக்கு இங்கே கோடு கிடையாது.
அவன் குதிரையேறி முகட்டுக்குப் போனான்,
அங்கிருந்து வீட்டுக்குப் பேசலாம்.

நாற்பது நிமிடம் கழித்து
முகட்டில் ஒரு வெள்ளைத் தொப்பி உயர்ந்தது.
இரண்டு முறை அசைந்தது.
வந்துவிட்டது என்றா?
வரவில்லை, மறுபடி அனுப்பு என்றா?
எல்லா முனைகளுக்கும் வேகம் பார்த்து, விதி பார்த்து வைத்தவள்
இதை மட்டும் பேசிவைக்கவில்லை.
மறுபடி அனுப்பினேன்.
தொப்பி மறுபடி அசைந்தது,
இம்முறை கொஞ்சம் கோபமாக.

குதிரை நடந்தே இறங்கியது.
"முதலாவதே வந்துவிட்டதாம்.
இரண்டாவதில் குழந்தை விழித்துக்கொண்டதாம்.
மூன்றாவது வந்தால் அவளே மேலேறி வந்து
பெட்டியை ஏரியில் போடுவாளாம்."

ஆறு திருகாணி. ஆறையும் இறுக்கினேன்.
மடிக்கணினியை மூடும் முன் ஒருமுறை பார்த்தேன்:
இரண்டு புள்ளி மூன்று எட்டு.