பதில் வராவிட்டால்

பெரியவர்களுக்கு ஐந்து வெள்ளி,
அடையாள அட்டை காட்டினால் மூன்று.
புறங்கையில் முத்திரை குத்தி அனுப்புவேன்,
ஊதா மையில் ஒரு வௌவால்.
கழுவினால் போய்விடுமா என்று கேட்பார்கள்.
போகும், இரண்டு நாளில்.

வாசலில் மூன்று மொழியில் பலகை.
தமிழில் மட்டும் 'சுரக்கப்பாதை'.
நகராண்மைக் கழகத்தில் சொன்னேன்.
அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார் என்சிக் ரொஸ்லி.
மூன்று பட்ஜெட் போயிற்று.
மழைக்காலத்தில் பலகை சொல்வது சரிதான்,
கூரை சுரக்கிறது.

உள்ளே நூற்று எழுபது மீட்டர்.
கால் தடுக்காத சிமெண்டுத் தரை,
நிறம் மாறும் விளக்குகள்,
நடு வளைவில் இதய வடிவில் ஒரு வளையம்.
அதற்குள் நின்று படம் பிடிக்க
பள்ளி விடுமுறையில் வரிசை நீளும்.
சுவரில், தோளுக்கு மேலே,
நெடுகக் கீறல்கள்.
புலி நகம் என்கிறான் வழிகாட்டிப் பையன் ஜேசன்.
செம்பனை லோரிகள் இடுப்பு உரசிப் போனது அது.
நான் திருத்துவதில்லை.
புலிக்குத்தான் பிள்ளைகள் வாய் பிளக்கின்றன.

அப்போது ஒரு வண்டிதான் போகும்.
வளைவு மறைப்பதால் எதிர் வாய் தெரியாது.
கெளாடி தோட்டத்திலிருந்து வந்தாலும்
டவுனிலிருந்து வந்தாலும்
நிறுத்தி ஹாரன் அடிக்கணும்.
பதில் வந்தால் காத்திரு.
வராவிட்டால் போ.
யாரும் எழுதி வைக்காத சட்டம்.
தவுக்கே காரும் உர லோரியும்
ஒன்றுபோல் மதித்தது
எங்கள் வட்டாரத்தில் அதை மட்டும்தான்.

மாணிக்கவாசகத்தின் மோட்டாரில்
ஹாரன் கெட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.
சம்பளம் வரட்டும், மாற்றிக்கொள்கிறேன் என்றார்.
லோரிக்கார ஆ செங் முறைப்படிதான் அடித்தார்,
இரண்டு தடவை.
காவல் நிலையத்திலும் அதையே சொன்னார்,
பதில் வரவில்லை, பதில் வரவில்லை என்று.
அவர்மேல் தப்பில்லை.
பதினாறாம் நாள் அரிசி மூட்டையோடு வந்து
வெளியிலேயே நின்றவரை
நான்தான் உள்ளே கூப்பிட்டேன்.

இந்த வேலைக்கு மனு போட்டபோது
அங்கேயா, என்றாள் மகள்.
வெயில் படாத வேலை என்றேன்.
ஆயிரத்து எழுநூறு, இபிஎஃப் உண்டு.

ஆறரைக்கு இரும்புக் கதவை இழுக்கணும்.
வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடவும்,
பதில் இல்லையென்றால் பூட்டவும்:
கடமைத்தாளில் நான்காவது வரி.
கூப்பிடுகிறேன்.
யாராவது இருக்கீங்களா?
என் குரலே வளைவு வரை போய்த் திரும்புகிறது.
பிறகு ஒன்றுமில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு நடக்கிறேன்,
அணைந்த இதயத்தைத் தாண்டி, முழு நீளமும்.
ஒரே ஒரு தடவை
காது கேளாத ஜப்பான்காரர் ஒருவர்
வௌவாலைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்.
மற்றபடி யாரும் இருந்ததில்லை.
இந்த இருபது நிமிடத்துக்கு
ஓவர்டைம் எழுதக்கூடாது என்கிறார் ரொஸ்லி.
எழுதுவதில்லை.

அந்தப் பக்கத்துக் கதவைத் தொட்டுவிட்டு
திரும்பி வரும்போது
வளைவில் நின்று இன்னொரு முறை அடிக்கிறேன்
வெளிச்சத்தை,
இந்தச் சுவரில்,
எதிர்ச் சுவரில்.